துண்டுக்கடியில் என் கை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நிறைய பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். உடம்பு சரியில்லையா என்று ஒருவர். எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா என்று இன்னொருவர் — இவர் எப்போதும் இப்படித்தான், பெயரைச் சொல்லி விளம்பரம் கொடுக்கப் போவதில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. விஷயமும் தீரவில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றியது. வாசலில் யாராவது தோளில் துண்டோடு வந்தால் உள்ளே ஓடத் தோன்றியது. இந்த லட்சணத்தில் எங்கே எழுதுவது?

எல்லாம் ஒரு பஸ் பயணத்தில் வந்த வினை.

நான் தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய், ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆசாமி என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மாத ஆரம்பத்தில் ஒரு வியாழக்கிழமை. சாயந்திர பஸ். அபூர்வமாக ஜன்னலோர சீட். புத்தலப்பட்டில் ஏறியவர்களில் ஒருவர் நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஆள் உட்கார்ந்ததுமே சீட்டெல்லாம் வெல்ல வாசனை.

"நீங்க கமெண்டரிக்காரரு மச்சான்தானே சார்?"

பாருங்கள்! இத்தனை வருஷமாக எழுதுகிறேன். பக்கத்தின் மேலே என் போட்டோ கூடப் போடுகிறார்கள். 'நீங்கள் அந்த எழுத்தாளர்தானே' என்று பஸ்ஸில் ஒரு ஜீவன் கேட்டதில்லை. கேட்டால் இப்படித்தான் கேட்கிறார்கள்.

கேட்டவர் மண்டி முனிரத்தினம். வெல்ல மண்டி முதலாளி. எங்கள் வார்டு கவுன்சிலர். போன முனிசிபல் தேர்தலில் என் தங்கை கிருபாவின் கணவன் எபிநேசரைத் தோற்கடித்தவர். ஜீப் ரிப்பேராம், அதனால் பஸ்.

அவர் என்ன கேட்டார் என்று சொல்வதற்கு முன்னால் எபியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது.

எபி பழைய ஃபுட்பால்காரன். லெஃப்ட் அவுட். கோட்டோரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு அவன் ஓட ஆரம்பித்தால், வேடிக்கை பார்க்கிறவர்களும் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுவார்கள். எங்கள் ஊர் கிரவுண்டில் அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள்தான், திருப்பதி டீம் பையன் ஒருவன் குறுக்கே காலை நீட்ட, முட்டி போயிற்று. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் தடவினார்கள், ஜெபம் பண்ணினோம். நடக்க வந்தது. ஓட வரவில்லை.

ஓட முடியாதவனை என்ன செய்வது? டோர்னமெண்ட் கமிட்டி கையில் மைக்கைக் கொடுத்தது. கமெண்டரி சொல்லு என்றது.

காலில் இருந்த வேகம் வாய்க்கு வந்துவிட்டது. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் பாஸ் ஆகும். உட்கார்ந்து சொல்லவே மாட்டான். மைக் ஒயர் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் நடந்துகொண்டே இருப்பான். அவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் — "மைக் கையில கீறப்போ எனக்கு டீம் கிடையாது மச்சான்."

சும்மா சொல்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஃபைனலில் எங்கள் ஊர் டீம்காரன் கையில் பந்து பட்டது. ரெஃபரி பார்க்கவில்லை. திருப்பதிக்காரர்களும் பார்க்கவில்லை. எபி பார்த்தான். மைக்கில் சொல்லியும் விட்டான் — "பந்து நம்ம ஆள் கையில பட்டுச்சு. ரெஃபரிக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது." ரெஃபரி விசில் ஊதவில்லை. ஆனால் ஜனங்கள் செருப்பு வீசினார்கள். எபியின் மேல்.

இந்த மனுஷனுக்குத்தான் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம்!

நகராட்சிக்காரர்கள் அந்த கிரவுண்டில் கடைகள் கட்டி காம்ப்ளெக்ஸ் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும்தான் எபிக்கு வேறு பைத்தியம் பிடித்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓடுவதற்கு அதை விட்டால் ரோடுதான். கவுன்சில் மீட்டிங்கை வேடிக்கை பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம் என்று சட்டம் இருக்கிறதாம். நம்மில் யார் போகிறோம்? எபி போனான். ஒரு மீட்டிங் விடாமல் போனான். போய்ப் பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், கிரவுண்டு ஓரத்தில் மைக் வைத்து, ரன்னிங் கமெண்டரியாகச் சொன்னான்.

"பந்து இப்போ சேர்மன் கால்ல... இன்ஜினியருக்குத் தள்ளுறாரு... இன்ஜினியர் அத்த அப்டியே பின்னாடி தள்ளுறாரு... ஃபைல் எங்க போச்சு? ஃபைல் அவுட்! கோட்டுக்கு வெளில போயிடுச்சு, யாரும் எடுக்கப் போவல..."

ஜனங்கள் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் சர்ச்சுக்கு வராதவன்கூடச் சாயந்திரம் கிரவுண்டுக்கு வந்துவிடுகிறான் என்று எங்கள் போதகர் ஐயாவே குறைப்பட்டுக்கொண்டார் — சொன்ன இடமும் கிரவுண்டுதான்.

கூட்டம் சேர்ந்தால் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தேர்தல் வந்ததும் ஒன்றுக்கு இரண்டு கட்சியிலிருந்து ஆள் வந்தார்கள். எபி இரண்டு தரப்புக்கும் டீ கொடுத்தான். "ஜெர்சி போட்டுக்கினா அப்பறம் கமெண்டரி சொல்ல முடியாதுங்க" என்று அனுப்பிவிட்டு, சுயேச்சையாக மனு போட்டான். சின்னமாக ஃபுட்பால் கேட்டான். லிஸ்டில் இல்லை என்று குடையைக் கொடுத்தார்கள். சித்தூர் வெயிலுக்குக் குடை நல்ல சின்னம்தானே, ஜெயித்துவிடுவான் என்றே நாங்கள் நம்பினோம்.

ஆனால் பிரசாரத்தில் என்ன செய்தான் தெரியுமா? "எதிர் டீம் முனிரத்தினம் சாரு நம்ம தெருவுக்கு தண்ணி போர் போட்டுக் குடுத்தாரு. நல்ல மூவ். அத்த நாம ஒத்துக்கணும்." தன் பிரசார மேடையில்! தன் மைக்கில்! நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். கிருபா தலையில் அடித்துக்கொண்டாள். ஜனங்கள் ஒத்துக்கொண்டார்கள் — முனிரத்தினத்துக்கு ஓட்டுப் போட்டு.

தோற்றவன் வீட்டில் படுத்துக்கொள்வான் என்று பார்த்தால், அடுத்த ஞாயிறு மறுபடியும் மைக். அவன் தோற்றதையும் கமெண்டரி சொன்னான். நன்றாகவே சொன்னான்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன்.

"சார், உங்க மாப்பிள்ளைக்கு ஒக்க மாட்ட, ஒரே ஒரு வார்த்த சொல்லணும்" என்று ஆரம்பித்தார் முனிரத்தினம். அவருக்கு வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் தமிழ், என்னோடு இரண்டும். "திங்கக்கெழம மீட்டிங்ல காம்ப்ளெக்ஸ் தீர்மானம் வருது. நான் மனசு வச்சா அது நின்னுடும். நாலு கவுன்சிலருங்க என் பேச்ச கேப்பாங்க. கிரவுண்டு அட்லேயே, இப்ப கீற மாதிரியே இருக்கும். பதிலுக்கு ஒன்னே ஒன்னு..."

"என்ன?"

"அந்த மைக்கு. ஞாயித்துக்கெழம கமெண்டரி. அத்த நிறுத்திடச் சொல்லுங்க. அத்த கேட்டுட்டு வீட்ல என் பேரப்பசங்களே என்ன கோல்கீப்பர்னு கூப்புட்றாங்க சார்!"

சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டார். துண்டுக்கடியில் என் கையைப் பிடித்தார். ஒரு விரலை அழுத்தினார். இன்னொரு விரலை அழுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வயதான மனுஷர், ஊர்ப் பெரியவர், கையை உதறினால் மரியாதையா? பஸ் வேறு குலுக்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தேன்.

"சரே. சந்தோஷம் சார்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சித்தூர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினார். தூங்காமல் வந்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது அவஸ்தை. சொல்வதா, வேண்டாமா? சொன்னால் எபி என்ன சொல்வான்? கிரவுண்டு போனால் அவன் மனசு உடைந்துவிடும். மைக் போனால் அதைவிட மோசம், ஆளே உடைந்துவிடுவான். முட்டி போனபோது அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனை எழுப்பி உட்கார வைத்தது அந்த மைக். அதைத் திருப்பிக் கொடு என்று நான் எப்படிக் கேட்பேன்? கேட்காமல் விட்டு, திங்கட்கிழமை கிரவுண்டு கைவிட்டுப் போனால் அப்புறம் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வெள்ளிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். எபி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நடந்துகொண்டேதான்.

"ஒரு எடத்துல குந்தி துன்னுங்களேன்!" என்று கிருபா கத்திக்கொண்டிருந்தாள். "பாருண்ணா இவர. தட்டும் கையுமா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துக்கினே கீறாரு. திங்கக்கெழம வரைக்கும் இப்டித்தானாம்."

நான் விஷயத்தைச் சொன்னேன். கிருபா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒத்துக்கங்க" என்றாள் உடனே. அப்புறம், "வேணாம்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ ஏண்ணா அந்தாளு பக்கத்துல குந்தின?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர்.

"நான் எங்கே குந்தினேன்? அவர்தான் வந்து உட்கார்ந்தார். துண்டைப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு..."

நடந்துகொண்டிருந்த எபி நின்றான். அவன் நின்று நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"துண்டு போட்டாரா?"

"ஆமாம்."

"துண்டுக்குள்ள உன் கைய புடிச்சாரா?"

"ஆமாம் என்கிறேனே."

"நீ கைய எடுத்தியா?"

"இல்லை. மரியாதையாக இருக்காதே என்று..."

எபி தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று முதலில் தெரியவில்லை. "மச்சான்! நீ இந்த ஊர்லதான பொறந்த? வெல்ல மண்டில வெலைய வாயால சொல்ல மாட்டாங்க மச்சான். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான் பேசுவாங்க. புடிக்கலன்னா கைய எடுத்துடணும். எடுக்கலன்னா பேரம் முடிஞ்சுது. பத்திரமும் கெடையாது, கையெழுத்தும் கெடையாது. அத்த மாத்துனவன் அப்பறம் மண்டிப் பக்கமே தல காட்ட முடியாது."

அதாவது, நான் மைக்கை விற்றுவிட்டேன். எனக்கே தெரியாமல், புத்தலப்பட்டுக்கும் சித்தூருக்கும் நடுவில்.

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் நல்ல கூட்டம். மறுநாள் தீர்மானம் என்று ஊருக்கே தெரியும். சந்தைக்கு வெல்லம் கொண்டுவந்த பக்கத்து ஊர்க்காரர்களும் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். எபி மைக்கைத் தட்டிப் பார்த்தான். என்ன சொல்லப் போகிறான் என்று எங்களிடம் சொல்லவில்லை. கிருபா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கெழம சாயந்திரம். திருப்பதி பஸ். முனிரத்தினம் சாரு புத்தலப்பட்டுல ஏறுறாரு. ஏறி நேரா நம்ம மச்சான் பக்கத்துல குந்துறாரு. மச்சான் ஜன்னலோரம், எங்கியும் நகர முடியாது..."

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒன்று விடாமல் சொன்னான். கிரவுண்டு தப்பும் என்று அவர் சொன்னதை, மைக் நிற்க வேண்டும் என்று கேட்டதை, துண்டு போட்டதை, விரல் பிடித்ததை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "அவரு தனக்குன்னு ஒன்னியும் கேக்கல. கொஞ்சம் அமைதிதான் கேட்டாரு. அத்தையும் சொல்லிடணும்" என்றான். துண்டு என்ற வார்த்தை வந்தபோது வெல்லக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

"கிரவுண்டும் உங்களுது. மைக்கும் உங்களுது. ஒன்னக் குடுத்து ஒன்ன வாங்க நான் யாரு? ஆனா மச்சான் கைய எடுக்கல. அது நம்ம சைடு ஃபவுல். ரெஃபரி பாக்கலன்னாலும் ஃபவுல் ஃபவுல்தான். அதனால அடுத்த ஞாயித்துக்கெழம மைக் கெடையாது. எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். அவ்ளோதான்."

மைக்கை அணைத்துவிட்டான். கூட்டம் கைதட்டவும் இல்லை, கலையவும் இல்லை. கிருபா என் சட்டையை விட்டுவிட்டு அவனிடம் போனாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் கையிலிருந்த மைக் ஒயரை வாங்கிச் சுற்ற ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு எபியோடு கவுன்சிலுக்குப் போனேன். முனிரத்தினம் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம். கோபம், அவமானம் எல்லாம் இருந்தது. ஆனால் காலையிலிருந்து மண்டியில் என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வந்த வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் வெல்லத்தை இறக்காமல், 'கிரவுண்டுக்குக் கை குடுத்தியாமே, நெஜமா?' என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். துண்டுக்குள் கொடுத்த கை ஊரறிந்துவிட்டது. இனி அதை மாற்றினால், நாளை அவர் துண்டுக்கடியில் எவன் கையை நீட்டுவான்?

தீர்மானம் வந்தது. முனிரத்தினம் எழுந்தார். "காம்ப்ளெக்ஸ் காவாலண்டே வேற எடம் சூடண்டி. கிரவுண்டு மட்டும் வத்து" என்றார் — காம்ப்ளெக்ஸ் வேண்டுமானால் வேறு இடம் பாருங்கள், கிரவுண்டு மட்டும் வேண்டாம் என்று. சேர்மன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் விடவில்லை. அரை மணி நேரம் பேசினார். மேஜையைத் தட்டிப் பேசினார். அவர் சொன்ன நாலு பேரும் கை தூக்கினார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் சிலரும் தூக்கினார்கள். தீர்மானம் விழுந்தது. கிரவுண்டு நின்றது.

பக்கத்தில் எபி முனகிக்கொண்டிருந்தான். "கோல்கீப்பர் இன்னா சேவ்! இன்னா சேவ் மச்சான்!" நான் அழுதேன் என்பதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

படி இறங்கும்போது மெதுவாகக் கேட்டேன். "மாப்பிள்ளை, உண்மையைச் சொல். துண்டு விஷயத்தை மைக்கில் சொன்னால் இப்படி ஆகும் என்று உனக்கு முன்பே தெரியும்தானே? உனக்கு டீம் கிடையாது என்றாயே?"

"நடந்தத சொன்னேன் மச்சான். பந்து தானா போச்சு" என்றான்.

அது கமெண்டரியா, கோலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. லெஃப்ட் அவுட்காரர்களை நம்புவது கஷ்டம்.

கதை இதோடு முடிந்திருந்தால் போன வாரமே எழுதியிருப்பேனே!

அடுத்த ஞாயிறு வந்தது. மைக் இல்லை என்று தெரிந்தும் ஜனங்கள் வந்தார்கள். கடலை தின்றார்கள். கிரவுண்டில் பையன்கள் ஆடினார்கள். எபி கோல் போஸ்ட் அருகில் வாயை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான், பார்க்கவே பாவமாக இருந்தது. அவனைவிடப் பாவமாக ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை, பக்கத்தில் பேரப்பிள்ளைகள். முனிரத்தினம்!

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போனார்.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துபோனேன்.

"ஏமி சார் இது? அரை மணி நேரம் பேசினேன் சார் கவுன்சில்ல. மேஜைய தட்டிப் பேசினேன். அந்த ரூம்ல இருந்தவங்களத் தவிர யாருக்கு சார் தெரியும்? பசங்களக் கூட்டிக்கினு போனேன். தாத்தா இன்னா பண்ணாருன்னு கேக்கட்டும்னு. அந்த மனுஷன் வாயத் தொறக்கல!"

"சஸ்பென்ஷன் ஒரு வாரம்தான். அடுத்த ஞாயிறு..."

"நிச்சயமா சொல்வாரா? மேஜைய தட்டினது எல்லாம்?"

"நடந்ததை அப்படியே சொல்வான். அது உங்களுக்கே தெரியுமே."

அவர் முகம் தெளிந்தது. "அப்போ ஒக்க மாட்ட. அந்த மைக்க எப்பவுமே நிறுத்த வேணாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே கிட்டே வந்து, தோளிலிருந்த துண்டை மெதுவாக எடுத்தார்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

நேற்று ஞாயிறு. எபி சொன்னான், மேஜை தட்டியது உட்பட. பேரப்பிள்ளைகள் குதித்த குதி இருக்கிறதே! 'கோல்கீப்பர் தாத்தா' என்று இப்போது அவர்கள் கத்துவதும், அவர் அதைக் கேட்டுக்கொண்டு கடலை உரிப்பதும் பார்க்க வேண்டிய காட்சி. எங்கள் கிரவுண்டு இருக்கிறது. மைக் இருக்கிறது. எபி இன்னும் உட்காரவில்லை.

நானும்தான். இப்போதெல்லாம் திருப்பதி பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறேன் — இரண்டு கையும் மேலே கம்பியில்.